எழுத்து இல்லாத முப்பது பிஸ்கட்

வெள்ளிக்கிழமை இரவுகளில் எங்கள் வீட்டு மேசையில் சாப்பிட இடமிருக்காது. எழுத்துகள் காய்ந்துகொண்டிருக்கும். ஒரு வாரம் நாற்பது ‘கே’. இன்னொரு வாரம் அறுபது ‘டி’, அதில் பாதி இளநீலம், பாதி வெள்ளை. அப்பா தட்டைக் கையில் பிடித்துக்கொண்டு தொலைக்காட்சி முன்னால் போய் உட்கார்ந்துவிடுவார். அக்கா பட்டர்வொர்த்தில் வீட்டிலிருந்தபடியே பிஸ்கட் செய்து விற்கிறாள். பிறந்த குழந்தையின் பெயரில் முதல் எழுத்தை ஐசிங்கால் எழுதி, ஒவ்வொன்றையும் தனித்தனி உறையில் போட்டு, ரிப்பன் கட்டிக் கொடுப்பது அவள் தொழில். வார நாள்களில் நான் பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையில் பொறியாளர். வார இறுதிகளில் அக்காவின் எழுத்தர்.

பிள்ளை பிறந்தால் ஊருக்கு இனிப்புக் கொடுப்பது பினாங்கில் எல்லா வீட்டிலும் உண்டு. சீனர்கள் ஒரு மாதம் நிறைந்ததும் சிவப்புச் சாயம் ஏற்றிய முட்டை, நாசி குனிட் எனும் மஞ்சள் சோறு, கோழிக்கறி, ஆங்கூ குவே எல்லாம் வைத்துப் பெட்டி பெட்டியாகக் கொடுப்பார்கள். மலாய்க்காரர்கள் அக்கீக்கா செய்து, பிள்ளையின் தலைமுடியை நறுக்கி, வந்தவர்கள் கையில் பூவோடு கட்டிய அவித்த முட்டையைக் கொடுத்தனுப்புவார்கள். நாம் பதினாறாம் நாளோ முப்பதாம் நாளோ தீட்டுக் கழித்து, காப்புப் போட்டு, பெயர் வைப்போம். ஆனால் இப்போது நம் வீட்டு அழைப்பிலும் அதற்கு ‘ஃபுல் மூன்’ என்றுதான் பெயர். அமாவாசையில் வந்தாலும் ஃபுல் மூன்தான். யாரும் அதை இரவல் வாங்கிய சொல்லாக நினைப்பதில்லை. பக்கத்து வீட்டில் கறிவேப்பிலை பறிப்பது மாதிரி எடுத்துக்கொண்டோம்.

ஆங்கூ குவே சின்ன வயதிலிருந்தே எங்கள் வீட்டுக்கு வரும். பக்கத்து வீட்டுச் சீன ஆன்ட்டி ஒவ்வொரு பேரப்பிள்ளைக்கும் கொண்டுவந்து கொடுப்பார். ஆமை முதுகு போல வரியோடிய சிவப்புப் பலகாரம், உள்ளே பயற்றம்பருப்புப் பூரணம், அடியில் வாழையிலைத் துண்டு. அந்த ஆமையின் நடுவில் கோலம் மாதிரித் தெரிவது ஓர் எழுத்து. அச்சிலேயே செதுக்கியிருக்கும். நீண்ட ஆயுள் என்று பொருள். ஆமையும் அதற்காகத்தான். ஆக, பிள்ளை பிறந்த வீட்டிலிருந்து எழுத்துப் போட்ட இனிப்பு வருவது இந்த ஊருக்குப் புதிதில்லை. ஆனால் அந்த எழுத்து பிள்ளையின் பெயர் இல்லை. எல்லாப் பிள்ளைக்கும் ஒரே எழுத்து, ஒரே வேண்டுதல். நாங்கள் எழுதுவது வேறு சாதி எழுத்து. இது இன்னாருடையது என்று சொல்லும் எழுத்து.

அந்த வழக்கம் வந்தது வேறு பக்கத்திலிருந்து. எழுத்துகளைப் பின்னி ஒரே உருவாக்குவதற்கு மோனோகிராம் என்று பெயர். பழைய கிரேக்க நகரங்கள் நாணயத்தில் அடித்தன. ஜெர்மானிய ஓவியர் ஆல்பிரெக்ட் டியூரர் பெரிய ‘ஏ’யின் கால்களுக்கிடையே சின்ன ‘டி’யை நிற்கவைத்து அதையே தன் கையெழுத்தாகப் படங்களில் போட்டார். பிறகு வசதியான வீடுகளின் வெள்ளிக் கரண்டி, கைக்குட்டை, படுக்கை விரிப்பு. நெதர்லாந்தில் டிசம்பர் 5ஆம் தேதி சிண்டர்கிளாஸ் விழாவுக்குப் பிள்ளையின் முதல் எழுத்து வடிவத்தில் சாக்லேட் கொடுக்கிறார்கள். அக்காவுக்குப் புலனத்தில் வரும் மாதிரிப் படங்களோ பெரும்பாலும் அமெரிக்க வகை. மூன்று எழுத்து. நடுவில் குடும்பப் பெயரின் எழுத்து பெரிதாக, இரண்டு பக்கமும் சொந்தப் பெயரும் நடுப்பெயரும் சிறிதாக.

“இந்த மாதிரியே வேணும்க்கா” என்பார்கள்.

“நடுவுல எந்த எழுத்துமா போடட்டும்?” என்று அக்கா கேட்பாள்.

அந்த இடத்தில் எல்லாரும் ஒரு நிமிடம் நின்றுவிடுவார்கள். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. ஐசியில் முதலில் நம் பெயர், பிறகு அனாக் லெலாக்கி அல்லது அனாக் பெரெம்புவான், பிறகு அப்பா பெயர். இன்னாருடைய மகன், இன்னாருடைய மகள். அப்பாவின் எழுத்தை நடுவில் பெரிதாகப் போட்டால் விழாவுக்குரிய பிள்ளை ஓரத்தில் நிற்கும். பிள்ளையை நடுவில் போட்டால் அப்பா ஓரத்துக்குப் போவார், இன்னோர் ஓரம் காலியாக இருக்கும். ஒருநாள் ஒரு பெண், எட்டு மாதம், மூச்சு வாங்கிக்கொண்டே கேட்டாள்: “சுமக்கறது நானு, என் எழுத்து எங்கக்கா வரும்?” அக்கா உடனே ஒரு தாளில் வரைந்து காட்டினாள். இடப்பக்கம் அப்பா, வலப்பக்கம் அம்மா, நடுவில் பெரிதாகப் பிள்ளை. அந்தப் பெண் வரைபடத்தையே வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போனாள். இப்போது வருகிறவர்களுக்கு அக்கா முதலில் காட்டுவது அதைத்தான். அமெரிக்கக்காரன் செய்த சட்டத்தில் நம் வீட்டுப் படத்தை மாட்டுவது மாதிரி. பெரும்பாலானவர்கள் அதையே எடுக்கிறார்கள். ஓரிரண்டு மாமியார்கள் மட்டும் வலப்பக்க எழுத்தைச் சற்று நேரம் பார்ப்பார்கள்.

வேலையைப் பற்றிச் சொல்லாமல் எழுத்தைப் பற்றிச் சொல்ல முடியாது. தமிழ்ப்பள்ளியில் அணிச்சல் என்று எழுதப் படித்தோமே, அந்தக் கேக் மேல் பூசும் கிரீம் இல்லை இது. ராயல் ஐசிங். 450 கிராம் ஐசிங் சீனி, மெரிங் பவுடர் எனும் முட்டை வெள்ளைக்கரு மாவு மூன்று மேசைக்கரண்டி, வெதுவெதுப்பான தண்ணீர் ஐந்தாறு கரண்டி. அடித்தால் வெள்ளையாக உப்பி, முனை நிற்கும் அளவுக்கு வரும். அதிலிருந்து தண்ணீரைச் சொட்டுச் சொட்டாகச் சேர்த்து இரண்டு பதம் எடுக்க வேண்டும். கரைக்கும் எழுத்துக்கும் கெட்டிப் பதம். நடுவை நிரப்ப இளகிய பதம். முட்டை சேர்க்காத வீடுகளுக்குக் கொண்டைக்கடலை வேகவைத்த தண்ணீர். நன்றாக அடித்தால் வெள்ளைக்கரு போலவே நுரைக்கும்.

இளகிய பதத்தைக் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. கிண்ணத்தில் கத்தியால் ஒரு கோடு கிழித்துவிட்டு எண்ண வேண்டும். பத்திலிருந்து பதினைந்து எண்ணுவதற்குள் கோடு மறைந்தால் சரி. ஐந்திலேயே மறைந்தால் பிஸ்கட் விளிம்பைத் தாண்டி வழியும். இருபதுக்கு மேல் போனால் மேடும் பள்ளமுமாகக் காயும். அதிரசத்துக்குப் பாகு காய்ச்சும்போது பாட்டி ஒரு சொட்டைத் தண்ணீரில் விட்டு விரலால் உருட்டிப் பார்ப்பார். பாகு வேறு, பதம் பார்க்கும் புத்தி அதே புத்தி.

தொழிற்சாலையில் நான் பார்க்கும் வேலையும் கொஞ்சம் இப்படித்தான். சர்க்யூட் பலகைமேல் மெல்லிய ஊசி வழியாக ஒட்டுப் பசை வைக்கும் இயந்திரங்கள். பசை, பற்பசை, ஐசிங் எல்லாம் ஒரே குடும்பம். ஓர் அளவு அழுத்தம் வரும்வரை கல் மாதிரி அசையாமல் இருக்கும். தாண்டியதும் ஓடும். விட்டதும் மறுபடி நிற்கும். அதனால்தான் எழுதிய கோடு கோடாகவே இருக்கிறது. அழுத்திக்கொண்டே கையைத் தூக்கினால் வால் இழுக்கும். இயந்திரத்துக்கும் அதே வால் தொல்லை உண்டு, மருந்தும் அதே மருந்து. முதலில் அழுத்தத்தை நிறுத்து, அப்புறம் தூக்கு. இதை நான் அக்காவிடம் விளக்கியபோது, “இதுக்கா நாலு வருசம் படிச்சே? நான் ரெண்டாவது பையிலேயே கண்டுபிடிச்சிட்டேன்” என்றாள்.

பினாங்கில் இந்தத் தொழிலுக்குப் பெரிய எதிரி காற்றில் இருக்கும் ஈரம். ஐசிங் காய்வது அதிலுள்ள தண்ணீர் ஆவியாகிப் போவதால். சீனியோ ஈரத்தை இழுக்கும் பொருள். மழை விடாத வாரத்தில் காற்று தண்ணீரை வாங்கிக்கொள்ள மாட்டேன் என்கிறது. தளம் சரியாகக் காயாமல் அதன்மேல் கருநீல எழுத்தை எழுதினால் சாயம் கசிந்து எழுத்தைச் சுற்றிப் பரவும். அதனால் முதலில் வெள்ளைத் தளம் மட்டும். குளிர்சாதன அறையில் மின்விசிறிக்கு முன்னால் எட்டு மணி நேரம். பிறகுதான் எழுத்து. இதற்காக அக்கா தன் படுக்கையறையையே விட்டுக்கொடுத்துவிட்டு என் அறையில் வந்து படுக்கிறாள். அங்கே குளிரில் பிஸ்கட் தூங்குகிறது, இங்கே நாங்கள் வியர்க்கிறோம்.

தமிழ் எழுத்துக் கேட்டு ஆர்டர் வந்தபோது முதலில் அச்சைத் தேடினோம். பேக்கரி சாமான் கடையில் ஆங்கில எழுத்து வெட்டும் அச்சு முழு செட்டாகக் கிடைக்கும். தமிழில் எதுவும் இல்லை. முப்பரிமாண அச்சில் நானே ஒன்று வடிவமைத்துப் பார்க்கலாம் என்று கணினியில் உட்கார்ந்தேன். ‘கி’யின் கொக்கி மெலிதாக நீண்டு நிற்கும், உறையில் போடும்போதே ஒடியும். ‘ஈ’யில் இரண்டு புள்ளியும் தனியாகக் கிடக்கும், அவற்றைப் பிடித்துக்கொள்ள எதுவும் இல்லை. ஆகவே பிஸ்கட் வட்டமாகவே இருக்கட்டும், எழுத்தைக் கையால் எழுதுவோம் என்று முடிவானது. மூன்று சென்டிமீட்டர் அகலத்துக்குள் ‘ண’ எழுதுவது ஒரு தண்டனை. சுழிகள் நிரம்பிப்போய் ‘ன’வா ‘ண’வா என்று தெரியாத ஒரு கட்டி ஆகிவிடும். குண்டூசி முனை அளவுள்ள மூக்கும் கெட்டிப் பதமும் வேண்டும்.

ஆனால் பழகப் பழக ஒன்று புரிந்தது. ஐசிங்குக்குத் தமிழ் எழுத்து தோதானது. பையின் மூக்கைத் தளத்தில் தேய்த்து எழுதுவதில்லை. சற்று உயரத்தில் பிடித்து, ஐசிங் நூலாக இறங்கி விழ விழ, கையை நகர்த்த வேண்டும். விழும் நூலுக்கு வளைவு பிடிக்கும், கூர்மூலை பிடிக்காது. ஆங்கில ‘கே’வுக்கு நிறுத்தி நிறுத்தி எடுக்க வேண்டும், ஒவ்வொரு முனையிலும் வால் பயம். ‘ல’வை ஒரே இழுப்பில் முடிக்கலாம். ஓலையில் எழுத்தாணியால் எழுதியவர்கள் மெய்யெழுத்துக்குப் புள்ளி வைக்காமலே விட்டுவிடுவார்கள் என்று படித்திருக்கிறோம். ஐசிங்கிலோ மிக எளிது புள்ளிதான். ஒரு முறை அழுத்து, நிறுத்து, தூக்கு.

சிக்கல் கையில் இல்லை, கேள்வியில் இருந்தது. ஆங்கிலத்தில் ‘டி’ என்று சொன்னால் போதும். தமிழில் எழுத வேண்டும் என்றால் ‘த’வா ‘ட’வா என்று கேட்க வேண்டியிருக்கிறது. ‘எஸ்’ என்றால் ‘ச’வா, ‘ஷ’வா, ‘ஸ’வா, ‘ஸ்ரீ’யா? எண்கணிதம் பார்த்து இரண்டு எழுத்துக் கூட்டி, ஒன்றைக் குறைத்து வைத்த பெயர்களில் பெற்றோருக்கே குழப்பம். “நீங்க கூப்பிடுங்க, நான் கேட்டு எழுதிக்கறேன்” என்று அக்கா அவர்களைப் பிள்ளையின் பெயரை உரக்கச் சொல்லச் சொல்வாள். அப்பா ஒரு மாதிரியும் அம்மா ஒரு மாதிரியும் சொன்னதுண்டு. ஆங்கில எழுத்து நம்மை இந்தக் கேள்வியிலிருந்து தப்பவிடுகிறது. அதற்காகவே பலருக்கு அது பிடித்திருக்கிறது என்று நினைக்கிறேன்.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் பேத்தியின் விழாவுக்காக மகளோடு வந்தார். பெயர் ‘லா’வில் தொடங்குகிறது. “ல சொல்லுக்கு முதலில் வராதும்மா. தொல்காப்பியத்திலேயே இருக்கு. இராமன், இலட்சுமி மாதிரி இ சேர்த்துத்தான் எழுதணும். அப்படிப் பார்த்தா பிஸ்கட்ல போட வேண்டியது இ” என்றார். மகள் தலையில் கை வைத்துக்கொண்டாள். “அப்பா, சூராட் பெரானாக்ல இ எங்கேன்னு நாளைக்கு என்னைத்தான் கேப்பாங்க.” அரை மணி நேரம் எங்கள் கூடத்தில் இலக்கணம் நடந்தது. கடைசியில் நாற்பத்து நான்கு ‘லா’, ஆறு ‘இ’. ஆறும் ஆசிரியருக்கும் அவர் நண்பர்களுக்கும். போகும்போது என்னிடம், “தோத்துட்டேன்னு நினைக்காதே, ஆறு சீட் வாங்கியிருக்கேன்” என்றார்.

இதெல்லாம் பிறந்த பிள்ளைகளின் எழுத்துகள். பிறக்காத பிள்ளைகளுக்கும் ஆர்டர் வரும். பேபி ஷவர் என்றும் வளைகாப்பு என்றும் சொல்லி, வயிற்றில் இருக்கும்போதே எழுத்துப் போட்ட பிஸ்கட் கேட்பார்கள். பாட்டிக்கு இது ஆகவே ஆகாது. “வவுத்துல இருக்கற புள்ளைக்குப் பேரு எழுதாதீங்கடி” என்பார். காரணம் கேட்டால் சொல்ல மாட்டார். சொன்னால் அதுவும் ஆகாதாம்.

பாட்டியின் பயம் எங்கிருந்து வருகிறது என்று யோசித்தால் நம் பழைய பெயர்களிலேயே தெரிகிறது. முன்னால் பிறந்தவை தங்காத வீட்டில் அடுத்ததாகப் பிறந்த பிள்ளையைக் குப்பையில் போட்டு எடுத்து, குப்பை என்றும் பிச்சை என்றும் பெயர் வைத்தார்கள். அழகான பெயர் வைத்தால் அதை எடுத்துக்கொள்ள யாரோ காத்திருப்பதுபோல. குழந்தையின் கையில் கட்டும் வசம்புக்குப் பிள்ளை வளர்ப்பான் என்று பெயர். அதையும் நேராகச் சொல்லாமல் பேர் சொல்லா மருந்து என்பார்கள். பெயர் என்பது கொண்டாடும் பொருளாவதற்கு முன் காப்பாற்ற வேண்டிய பொருளாக இருந்திருக்கிறது. நாம் அதைப் பெரிதாக எழுதி, ரிப்பன் கட்டி, ஐம்பது பேருக்குக் கொடுக்கிறோம். பிள்ளைகள் பிழைக்கும் காலத்தில் வாழ்கிறோம் என்பதுதான் அதற்குப் பொருள். மருத்துவமனைகளும் தடுப்பூசியும் கொடுத்த தைரியம் இது.

அக்கா பாட்டியோடு வாதாடவில்லை. ஆர்டரை எடுத்துக்கொள்வாள், விழாவுக்கு இரண்டு நாள் முன்னால்தான் எழுத்தைத் தொடுவாள். “பாட்டிக்காக இல்ல. மழையில கசியும்” என்பாள். கசிவதும் உண்மைதான்.

என்னோடு வேலை செய்யும் ஒருவன், அவனும் மனைவியும், ஒன்பதாம் மாத வளைகாப்புக்கு ஐம்பது பிஸ்கட் சொல்லியிருந்தார்கள். எழுத்து ஆங்கில ‘ஆர்’. பெயரையும் முடிவு செய்துவைத்திருந்தார்கள், சொல்லவில்லை. பிள்ளை 31ஆம் வாரத்திலேயே பிறந்துவிட்டது. ஒன்றரைக் கிலோ. அவன் மூன்று நாள் வேலைக்கு வரவில்லை. நான்காம் நாள் கேன்டீனில் எதிரே வந்து உட்கார்ந்து தே ஓவைக் கலக்கிக்கொண்டே இருந்தான். “அக்காட்ட சொல்லிடு, ஆர்டர் வேணா” என்றான். பிறகு திறன்பேசியில் ஒரு படம் காட்டினான். கண்ணாடிப் பெட்டி, குழாய்கள், கைவிரல் அளவுக் கால். பெட்டியில் ஒட்டிய சீட்டில் ‘பேபி ஆஃப்’ என்று போட்டு மனைவியின் பெயர். இன்னாருடைய பிள்ளை. அவ்வளவுதான் அதற்கு அப்போது பெயர். அமெரிக்க மோனோகிராமில் இடம் கிடைக்காத அம்மாவின் பெயர் இங்கே தனியாக நின்றது.

வாரங்கள் போயின. பிள்ளை பத்துக் கிராம், இருபது கிராமாக ஏறியது. சில நாள் இறங்கியது. முப்பதாம் நாள் நெருங்கியபோது அவன் அம்மாவுக்கு மனம் கேட்கவில்லை. முப்பதாம் நாள் சும்மா போகக்கூடாது, யாருக்காவது இனிப்புக் கொடுத்தே ஆக வேண்டும் என்றார். பேர் வைக்கவும் கூடாது, பிள்ளை வீட்டுக்கு வரட்டும் என்றார். இரண்டையும் சேர்த்து அவன் அக்காவுக்குப் போன் செய்தான்.

“அக்கா, முப்பது பிஸ்கட் வேணும். வார்டுல தாதிகளுக்கு. எழுத்து வேணா.”

“வேற என்ன தம்பி போடட்டும்? பூ, நட்சத்திரம்?”

“ஒண்ணும் வேணாக்கா. வெள்ளையாவே இருக்கட்டும்.”

எழுத்து இல்லாத பிஸ்கட் சுலபம் என்றுதான் தோன்றும். எழுத்து வரப்போகும் இடத்தில் தளத்தில் சின்னப் பள்ளமோ கொப்புளமோ இருந்தால் எழுத்து மூடிவிடும். வெறும் வெள்ளையில் எதையும் மறைக்க முடியாது. அன்று இரவு அக்கா ஐசிங்கை அடித்ததும் அரை மணி நேரம் ஈரத்துணி மூடி அப்படியே விட்டாள், காற்று மேலே வரட்டும் என்று. நிரப்பியவுடன் ஒவ்வொரு பிஸ்கட்டையும் மேசையில் தட்டினோம். பல்குத்தும் குச்சியால் கொப்புளங்களை ஒவ்வொன்றாக உடைத்தோம். முப்பதுக்கு இரண்டு மணி நேரம். வழக்கமாகப் பேசிக்கொண்டே வேலை செய்வோம், அன்று அவளும் பேசவில்லை, நானும் பேசவில்லை. பாட்டி ஒருமுறை வந்து பார்த்துவிட்டு, “நல்லா இருக்கு” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். எங்கள் பிஸ்கட்டைப் பாட்டி நல்லா இருக்கு என்று சொன்னது அதுதான் முதல் தடவை.

மறுநாள் அவன் கொண்டுபோய்க் கொடுத்தான். மூத்த தாதி ஒருவர், மலாய்க்காரர், உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாராம். பெயர் எங்கே என்று கேட்டாராம். இன்னும் வைக்கவில்லை என்றிருக்கிறான். “பரவாயில்லை, வைத்த பிறகு எழுத்தோடு ஒரு தடவை கொண்டு வா. நான் காத்திருக்கேன்” என்றாராம். அந்த வார்டில் வேலை செய்கிறவர் அப்படிச் சொன்னதை அவன் மருத்துவ அறிக்கை மாதிரி எடுத்துக்கொண்டான். எனக்கு மூன்று முறை சொன்னான்.

நாற்பத்து நான்காம் நாள் பிள்ளை வீட்டுக்கு வந்தது. பெண் பிள்ளை. இனிக் காத்திருக்க முடியாது. தீபகற்ப மலேசியாவில் 60 நாளுக்குள் பிறப்பைப் பதிய வேண்டும், பெயர் வேண்டும். இதற்குள் ஜாதகம் பார்த்துவிட்டார்கள். கார்த்திகை நட்சத்திரம். அதற்கு உரிய எழுத்துகள் அ, இ, உ, எ. முதலில் யோசித்துவைத்த ‘ஆர்’ போய்விட்டது. அதைப் பற்றி யாரும் வருத்தப்பட்டதாகத் தெரியவில்லை. அந்தப் பெயர் ஒன்பதாம் மாதத்தில் வரவிருந்த வேறொரு பிள்ளைக்கு வைத்தது மாதிரி இருந்தது.

அவன் மனைவி எங்கள் வீட்டுக்கு வந்தாள். சீனப்பள்ளியில் படித்தவள். தமிழ் பேசுவாள், படிக்கத் தெரியாது. “எனக்குப் படிக்க வராதுக்கா. ஆனா இந்த தடவ தமிழ்லதான் வேணும். நாலுல எது அழகா இருக்குன்னு பார்த்துட்டு அப்புறம் பேரு தேடறோம்” என்றாள். எழுத்தைப் பார்த்துப் பெயர் வைக்கிற ஆளை அக்கா அதற்குமுன் பார்த்ததில்லை. பட்டர் பேப்பரை விரித்து, கெட்டிப் பதத்தில் நான்கையும் எழுதினாள். அ. இ. உ. எ.

அவள் முதல் இரண்டையும் படம் பார்ப்பது மாதிரிப் பார்த்தாள். மூன்றாவதில் நின்றாள்.

“இது எனக்குத் தெரியும்.”

அவள் அம்மா கணக்கு நோட்டில் ஒவ்வொரு பக்கத்துக்கும் மேலே இதைப் போட்டு, அதன் கீழே கோடு இழுத்துவிட்டுத்தான் கூட்டுக் காசு எழுதுவாராம். சாமான் வாங்கும் சீட்டிலும் அதுதான் முதலில் இருக்குமாம். “சாமி படம்னு நினைச்சிருந்தேன். இது எழுத்தாக்கா?”

“பிள்ளையார் சுழிமா. உ-ன்னு எழுத்துதான்.”

அவள் விரலால் காற்றில் ஒருமுறை போட்டுப் பார்த்தாள். சுழித்து, வளைத்து, வலப்பக்கம் இழுத்து. சரியாகவே வந்தது. இருபத்தெட்டு வயதில் அவளுக்குத் தெரிந்த ஒரே தமிழ் எழுத்து அது, அவளுக்கே தெரியாமல் தெரிந்திருந்தது. பெயரை இங்கே எழுதப்போவதில்லை, அது அந்தப் பிள்ளையுடையது. ‘உ’வில் தொடங்குகிறது என்பது போதும்.

ஐம்பது பிஸ்கட் எழுதினோம். ஐசிங்கில் ‘உ’ போல இதமான எழுத்து வேறில்லை. தூக்காமல், நிறுத்தாமல் ஒரே இழுப்பு. முடிவில் மட்டும் அழுத்தத்தை விட்டு ஒரு நொடி நிற்க வேண்டும். அவன் அம்மா பார்த்துவிட்டுக் கீழே ஒரு கோடு போடச் சொன்னார். போட்டால் பிள்ளையார் சுழி, போடாவிட்டால் பேத்தியின் எழுத்து. அக்கா இருபத்தைந்துக்குக் கோடு போட்டாள், இருபத்தைந்தை அப்படியே விட்டாள். அவன் முதலில் எடுத்துவைத்தது ஒரு பெட்டி, வார்டுக்கு.

விழாவில் நான் சாப்பாட்டு மேசைப் பக்கம் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். பெரியவர்கள் எழுத்தைக் கடிப்பதில்லை. ஓரத்தைச் சுற்றிக் கடித்துக்கொண்டே வந்து, நடுவை என்ன செய்வது என்று தெரியாமல் உறையில் திரும்பப் போடுகிறார்கள். சிலர் கடிக்காமலே கைப்பையில் வைத்துக்கொள்கிறார்கள். சின்னப் பிள்ளைகளுக்கு இந்தத் தயக்கம் இல்லை. தமிழ்ப்பள்ளியில் முதலாமாண்டு படிக்கும் ஒரு பையன், பிள்ளைக்கு அண்ணன் முறை, பிஸ்கட்டைப் பார்த்த உடனே கத்தினான்: “இது உ! உரல்!” சொல்லிவிட்டு எழுத்தின் நடுவில் ஒரே கடி.

பிள்ளையின் அம்மா அவனைக் கூப்பிட்டாள். “உரல்னா என்னா?”

அவன் மென்றுகொண்டே யோசித்தான். “தெரியல. புக்ல படம் இருக்கு” என்றான். அவள் மாமியாரைப் பார்த்தாள். மாமியார் கையில் இருந்த பேத்தியை அக்காவிடம் கொடுத்துவிட்டு, தோட்டத்து வீட்டில் இருந்த உரல் எவ்வளவு பெரியது என்று இரண்டு கைகளையும் விரித்துக் காட்டத் தொடங்கினார்.